தொட்டித் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது

டெங்கு வைரஸைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடையை விட வீட்டில் தேங்கும் தெளிந்த தண்ணீர்தான் பிடிக்கும். அதனால் வாரம் ஒருமுறை பக்கெட்டைக் கவிழ்த்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறோம். அங்கேதான் கோட்டை விடுகிறோம். இந்தக் கொசு முட்டையிடுவது பெரும்பாலும் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில். பொடிப்பொடியாகக் கருப்பாக ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் பல மாதம் சாகாது. மறுபடி தண்ணீர் ஏறியதும் பொரிந்துவிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும்.

ஆகவே காலி செய்த கையோடு உட்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். டிரம்முக்கு இடைவெளி இல்லாத மூடி வேண்டும். பிரிட்ஜின் பின்பக்கம் தண்ணீர் சொட்டும் தட்டு ஒன்று இருக்குமே, அதையும் பாருங்கள். எங்கள் வீட்டில் அதற்குள்தான் புழு நெளிந்துகொண்டிருந்தது!

அப்புறம், காய்ச்சல் வந்தால் நீங்களாக ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாதீர்கள். அது பாக்டீரியாவுக்கான மருந்து, வைரஸை ஒன்றும் செய்யாது. டெங்குவாக இருந்தால் வலி மாத்திரைகளான ஆஸ்பிரினும் இபுபுரூஃபனும் ரத்தக்கசிவை அதிகமாக்கலாம். டாக்டரைப் பார்க்கும்வரை அவற்றைத் தொடவே வேண்டாம்.