முதல் லாரி வேலை: பெங்களூருவில் புதிய ஓட்டுநர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனரக வாகன உரிமம் கைக்கு வந்ததும் தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர்ப் பக்கத்து இளைஞர்கள் பலர் பெங்களூருவுக்குப் பஸ் ஏறிவிடுகிறார்கள். கலாசிபாளையத்துப் போக்குவரத்து அலுவலகங்களிலோ யஷ்வந்தபுரம் லாரி முனையத்திலோ விசாரித்தால் வேலை கிடைத்துவிடும். நல்ல ஓட்டுநருக்கு எப்போதும் தட்டுப்பாடுதான். அப்படியிருந்தும், யார் முதலில் சாவியை நீட்டுகிறாரோ அவரிடமே சேர்ந்துவிடுகிறார்கள். முதலாளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை தங்களுக்கும் உண்டு என்பது அவர்களுக்குத் தோன்றுவதே இல்லை.

"மாதம் எவ்வளவு வரும்?" என்று மட்டும் கேட்டுவிட்டு வண்டி ஏறுவதுதான் முதல் தவறு, மிகப் பெரிய தவறும் அதுவே. லாரித் தொழிலில் உண்மையான சம்பளம் ஒரு நடை முடிந்து கணக்குப் பார்க்கும்போதுதான் தெரியும். ஒருவர் மாதச் சம்பளமும் பேட்டாவும் (வழிச் செலவுக்கான படி) தருவார், இன்னொருவர் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்பார், மற்றொருவர் வாடகையில் சதவீதம் பேசுவார். எந்த முறையாக இருந்தாலும் எதையெல்லாம் உங்கள் கையிலிருந்து பிடிப்பார்கள் என்பதைத்தான் தோண்டிக் கேட்க வேண்டும்.

டீசலை எடுத்துக்கொள்ளுங்கள். மும்பை போய் வர ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுக்க வேண்டும் என்று முதலாளி நிர்ணயித்தால் 500 லிட்டர் கணக்கு. பாரமும் ஏற்றமும் சேர்ந்து அந்த வண்டி மூன்றரைதான் கொடுக்கிறது என்றால் செலவாவது 571 லிட்டர். மீதி 71 லிட்டர் யார் தலையில்? லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தாலும் 6,000 ரூபாயைத் தாண்டுகிறது. பேட்டாவாகக் கிடைத்தது டீசலாகப் போய்விடும்.

பணத்தோடு இது முடிவதில்லை. இப்படிக் கணக்குப் பிடிக்கும் முதலாளியிடம் வேலை செய்பவர், டீசல் மிச்சப்படுத்துவதற்காக இறக்கத்தில் வண்டியை நியூட்ரலில் உருட்டக் கற்றுக்கொள்கிறார். தர்மபுரிக்கும் சேலத்துக்கும் இடையே தொப்பூர் கணவாயில் நடந்த கொடிய விபத்துகளை நம் பக்கத்தில் அறியாதவர்கள் இல்லை. நியூட்ரலில் போட்டதும் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தும் வேலையை விட்டுவிடுகிறது; முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழுகிறது. நீண்ட இறக்கத்தில் பிரேக் டிரம் சூடேறிப் பிடிமானம் குறைகிறது. மறுபடி கியர் போட முயன்றால் அந்த வேகத்தில் விழாது. முதலாளி கணக்கு எழுதும் முறை உங்கள் காலையும் கையையும் ஆட்டிவைக்கும் என்பதால்தான் சம்பளத் தொகையைவிடக் கணக்கு முறை முக்கியம் என்கிறேன். அந்த வண்டியை முன்பு ஓட்டியவரைத் தேடிப் பிடித்து, பாரத்தோடு உண்மையில் எவ்வளவு கொடுக்கும் என்று கேளுங்கள்.

டயர் வெடித்தால், தார்ப்பாய் கிழிந்து சரக்கு நனைந்தால், இறக்கும் இடத்தில் மூட்டை குறைந்தால் யார் பொறுப்பு? காத்திருக்கும் நாளுக்குப் பேட்டா உண்டா? பெங்களூரு நகருக்குள் கனரக வாகனங்களுக்கு நேரக் கட்டுப்பாடு இருப்பதால், காலையில் நகரின் விளிம்பிலுள்ள நெலமங்கலம் வந்து சேர்ந்தாலும் இரவுவரை ஓரங்கட்டி நிற்க நேரும். மும்பைக்கு அருகே பிவண்டி கிடங்கில் இறக்க இடம் கிடைக்காமல் இரண்டு நாள் நிற்பதும் உண்டு. அந்த நாட்களின் சாப்பாட்டுச் செலவு யாருடையது என்பதை வண்டி எடுக்கும் முன்பே பேசி, ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பலர் ஊர்க்காரர் லாரி, மாமன் முறை லாரி என்று சேருகிறார்கள். அதில் தவறில்லை, தெரியாத ஊரில் தெரிந்த முகம் ஒரு பலம்தான். கணக்குக் கேட்கக் கூச்சப்படுவதுதான் தவறு. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு. சொந்தக்காரராக இருந்தாலும் ஒவ்வொரு நடைக்கும் கணக்கை முடித்துவிட வேண்டும்.

முன்பணம் வாங்கிக்கொண்டு சேருவதையும் கூடியவரை தவிர்க்கப் பாருங்கள். வீட்டில் கல்யாணம், மருத்துவச் செலவு என்று நெருக்கடி இருக்கலாம், புரிகிறது. ஆனால் பெரிய தொகை வாங்கியவர், பிரேக் சரியில்லாத வண்டியைக் கொடுத்தாலும் மறுக்க முடியாதவராகிவிடுகிறார். உரிமத்தின் அசலைப் பிடித்து வைத்துக்கொள்ளும் முதலாளிகளும் உண்டு. நகல் கொடுங்கள், அசலை எந்தக் காரணம் சொன்னாலும் கொடுக்காதீர்கள்.

அதிகப் பாரத்தில் பணம் முதலாளிக்கு, ஆபத்து உங்களுக்கு. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி அதிகப் பாரத்துக்கு 20,000 ரூபாயும், மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். மூன்று டன் கூடினால் 26,000. மிகுதிச் சரக்கை இறக்கும் வரை வண்டி நகர முடியாது. அபராதத்தை அவர் கட்டிவிடலாம். ஆனால் அதிகப் பாரம் ஏற்றியதற்காகவும், சரக்கு வண்டியில் ஆள் ஏற்றியதற்காகவும் நிறுத்தி வைக்கப்படுவது உங்கள் உரிமம். பதிவுச் சான்றில் மொத்த எடை எழுதியிருக்கிறது. எடை மேடைச் சீட்டை அதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டே கிளம்புங்கள். "எல்லாம் பேசியாகிவிட்டது, போ" என்கிற முதலாளியிடம் அன்றே விடைபெறுவது நல்லது.

வண்டியின் காகிதங்களை முதலாளி வாயால் கேட்டு நம்ப வேண்டியதில்லை. எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் தகுதிச் சான்று, காப்பீடு ஆகியவை எந்தத் தேதிவரை என்று தெரியும். எட்டு வருடம் தாண்டிய வண்டிக்குத் தகுதிச் சான்றை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். டயரையும் குனிந்து பாருங்கள்.

எடுத்த எடுப்பிலேயே டேங்கருக்கோ நீண்ட டிரெய்லருக்கோ ஆசைப்பட வேண்டாம். எரிவாயு, ரசாயனம் போன்ற ஆபத்தான சரக்குக்குத் தனிப் பயிற்சியும் உரிமத்தில் அதற்கான பதிவும் வேண்டும். முதல் சில நடைகளுக்கு மூத்த ஓட்டுநர் ஒருவரைக் கூட அனுப்பும் இடம் சம்பளம் சற்றுக் குறைவாக இருந்தாலும் மேலானது. எந்த வழி என்றும் கேளுங்கள். மங்களூரு வழியிலுள்ள ஷிராடி மலைப்பாதை மழைக்காலத்தில் புதியவருக்கான இடமே கிடையாது. சாம்ராஜ்நகர் வழியாகக் கோவைக்கு என்றால் 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட திம்பம் மலைப்பாதை. அங்கே இரவு நேரத் தடையும் உண்டு. தடை நேரத்துக்கு முன் மலையைக் கடந்துவிடச் சொல்லி விரட்டுகிறவரா, கீழே நிறுத்தித் தூங்கச் சொல்கிறவரா என்று அங்கே வேலை செய்பவர்களிடம் விசாரியுங்கள்.

"ஈ-வே பில் (சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி மின் சீட்டு) காலாவதியாகிவிடும், இரவெல்லாம் ஓட்டு" என்று சொன்னால் அப்படியே நம்பிவிட வேண்டாம். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்பது விதி. பெங்களூருவிலிருந்து மும்பைக்கு ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் என்றால் ஐந்து நாள் கிடைக்கிறது. தேவையானால் நீட்டிக்கவும் முடியும். நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வேலை வரம்பைச் சட்டமே வகுத்திருக்கிறது. நடைமுறையில் பலர் மதிப்பதில்லை. குறைந்தது, நெடுந்தூரத்துக்கு இரண்டு ஓட்டுநர் போடுகிறார்களா என்றாவது கேளுங்கள்.

தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட வண்டி என்றால் இன்னொன்றும் உண்டு. காவிரிப் பிரச்சினையில் 2016 செப்டம்பரில் பெங்களூருவில் தமிழகப் பதிவெண் வண்டிகள் கொளுத்தப்பட்டன. அத்தகைய நாட்களில் ஓசூரிலேயே நிறுத்தச் சொல்கிற முதலாளியும் இருக்கிறார், எல்லையிலுள்ள அத்திப்பள்ளியைத் தாண்டி எப்படியாவது வந்துவிடச் சொல்கிறவரும் இருக்கிறார்.

சம்பளத்தை வங்கிக் கணக்கில் கேளுங்கள். விபத்து நேர்ந்தால், சட்டப்படி இழப்பீடு கேட்பதற்கு, நீங்கள் அவரிடம் வேலை செய்தீர்கள் என்பதைக் குடும்பம் நிரூபிக்க வேண்டும். கையில் வாங்கிய காசுக்குச் சாட்சி இல்லை. வருங்கால வைப்பு நிதி பிடிப்பதாகச் சொன்னால் யுஏஎன் எனப்படும் உங்கள் வைப்பு நிதி எண்ணை வாங்கி, பணம் ஏறுகிறதா என்று நீங்களே பாருங்கள்.

சேர்ந்த இடம் சரியில்லை என்று தெரிந்தால் சரக்கோடு வண்டியை நடுவழியில் விட்டுவிட்டு ஊருக்குப் போய்விடாதீர்கள். சரக்கு காணாமல் போனால் புகார் உங்கள் பெயரில்தான் வரும். நடையை முடித்து, சாவியையும் காகிதங்களையும் ஒப்படைத்து, வண்டியின் நிலையைக் கைப்பேசியில் படம் எடுத்து, பாக்கி எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.