வலி நின்றதும் சந்தோஷப்பட்டோம்: கார்ப்பல் டனல் அறுவைச் சிகிச்சை முடிவில் நேரும் தவறுகள்

என் பெரியம்மா முப்பது வருடம் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தவர். நடு இரவில் எழுந்து வலது கையை உதறிக்கொண்டே கூடத்தில் நடப்பது அவருக்குப் பழகிப்போயிருந்தது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் ஊசி ஊசியாகக் குத்தும். உதறினால் அடங்கும், படுத்தால் மறுபடி எழுப்பும். இரண்டு வருடம் இப்படியே ஓடியது. டாக்டர் அறுவைச் சிகிச்சை என்ற பேச்சை எடுத்தபோது வீட்டில் எல்லோரும் சேர்ந்து வேண்டாம் என்றோம். பிறகு ஒரு கோடையில் அந்த இரவுக் குத்தல் தானாகவே குறைந்தது. "கடவுள் புண்ணியத்தில் வலி விட்டுவிட்டது" என்றார். நாங்களும் நம்பினோம்.

ஆறு மாதம் கழித்து அவர் ரவிக்கைக்குக் கொக்கி வைப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கொக்கி விரலிடுக்கிலிருந்து நழுவியது. குனிந்து எடுத்தார், மறுபடி நழுவியது. கண் பார்த்துக்கொண்டிருந்தால் பிடி நிற்கிறது, பார்வையை எடுத்தால் விழுகிறது. கையில் கொக்கி இருப்பதே விரல் நுனிக்குத் தெரியவில்லை. உள்ளங்கையை விளக்கடியில் திருப்பிப் பார்த்தேன். கட்டைவிரலின் அடியில் திரண்டிருக்க வேண்டிய சதை மேடு வற்றிக் குழி விழுந்திருந்தது.

வலியை வைத்து முடிவெடுப்பதுதான் இந்த நோயில் மிகப் பெரிய தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்தே கிளைக்கின்றன. மணிக்கட்டின் சிறு எலும்புகள் ஒரு தொட்டி போல வளைந்திருக்கின்றன. அதன் மேல் தடித்த நார்ப்பட்டை ஒன்று மூடியாகக் கிடக்கிறது. கார்ப்பல் டனல் எனப்படும் இந்தக் குறுகிய வழியில் விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும், கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல்களுக்கு உணர்வு தரும் மீடியன் நரம்பும் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. உள்ளே கொஞ்சம் வீங்கினாலும் எலும்பு இடம் கொடுக்காது, பட்டையும் கொடுக்காது, நசுங்குவது நரம்புதான். முதலில் அது கூச்சல் போடும். அதுதான் இரவில் எழுப்பும் குத்தல். நெருக்கல் நீடித்தால் மரத்துப்போதல் விட்டுவிட்டு வருவது நின்று நாள் முழுக்கத் தங்கிவிடும். அதற்குப் பிறகு வலி குறைந்தால், அது நரம்பு செய்தி அனுப்பும் சக்தியை இழந்து வருவதன் அடையாளமாக இருக்கலாம். சிகிச்சை எதுவும் இல்லாமல் வலி குறைந்து, மரப்பு மட்டும் நிலைத்திருந்தால் அன்றே மருத்துவரிடம் நேரம் கேளுங்கள்.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. உள்ளங்கை மேலே தெரிய இரண்டு கைகளையும் மேசையில் வையுங்கள். கட்டைவிரலைக் கூரையை நோக்கி நேராக உயர்த்துங்கள். இன்னொருவர் அதை மெதுவாகக் கீழே அழுத்தட்டும். ஒரு கை எதிர்த்து நின்று மற்றது சட்டென்று படுத்துவிட்டால், அல்லது அடிச்சதை ஒரு பக்கம் மட்டும் தட்டையாகத் தெரிந்தால், மணிக்கட்டை அசையாமல் பிடிக்கும் பட்டை (splint) கட்டிப் பொறுத்துப் பார்க்கும் கட்டம் அநேகமாகத் தாண்டிவிட்டது. சட்டைப் பொத்தான் போட, மேசையில் கிடக்கும் ஒரு ரூபாய் நாணயத்தைப் பொறுக்க எவ்வளவு தடுமாறுகிறீர்கள் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். "வலி எப்படி இருக்கிறது" என்று அவர் கேட்பார். நீங்கள் வலியைப் பற்றி மட்டும் பதில் சொல்லிவிட்டு வராதீர்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. கை மரத்தால் எல்லாம் கார்ப்பல் டனல் என்று எடுத்துக்கொள்வது. சுண்டுவிரல் மரத்தால் அது இந்த நரம்பின் வேலை அல்ல. முழங்கைப் பக்கம் போகும் வேறு நரம்பைப் பார்க்க வேண்டும். கழுத்திலிருந்து வலி இறங்குகிறதா, கழுத்தைத் திருப்பினால் கூடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். கழுத்து நரம்பு அழுத்தமும் கட்டைவிரலை மரக்கச் செய்யும். அதை விட்டுவிட்டு மணிக்கட்டைத் திறந்து பயனில்லை. தைராய்டு சுரப்புக் குறைவு, சர்க்கரை நோய், முடக்கு வாதம் மூன்றும் இந்த நோயோடு சேர்ந்து வருபவை. எளிய ரத்தப் பரிசோதனைகளை முடித்துவிட்டு அடுத்ததை யோசிப்பது நல்லது. கர்ப்ப காலத்தில் வரும் மரப்பு பெரும்பாலும் பிரசவத்துக்குப் பிறகு தணிந்துவிடும் என்பதால், அப்போது கத்தியைப் பற்றி அவசரப்பட வேண்டியதில்லை. நரம்புக்குச் சத்து என்று பி6 மாத்திரையைக் கடையில் தானே வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவதையும் சொல்ல வேண்டும். அளவு மீறினால் அந்தச் சத்தே நரம்பைக் கெடுக்கும்.

இரவுப் பட்டையைப் பலர் முயன்று பார்த்ததாகச் சொல்வார்கள். கேட்டால், பகலில் வேலை செய்யும்போது இறுக்கிக் கட்டியிருப்பார்கள், அல்லது நான்கு நாளில் கழற்றி எறிந்திருப்பார்கள். தூக்கத்தில் மணிக்கட்டு மடங்குவதால்தான் உள்ளே அழுத்தம் ஏறுகிறது. ஆகவே பட்டை மணிக்கட்டை நேராக வைத்திருக்க வேண்டும், இரவு முழுக்க இருக்க வேண்டும், குறைந்தது ஆறு வாரம் தொடர வேண்டும். கடையில் கிடைக்கும் சில பட்டைகளின் உலோகத் தகடு மணிக்கட்டைப் பின்பக்கம் வளைத்தே வைத்திருக்கும். அதை நேராக்கித் தரச் சொல்லுங்கள்.

பட்டையா, அறுவையா என்ற கேள்விக்கு நெதர்லாந்தில் 176 பேரைக் கொண்டு நடத்தி 2002-ல் வெளியிட்ட ஆய்வு ஓரளவு தெளிவான பதில் தருகிறது. 18 மாதம் கழித்து, அறுவைப் பிரிவில் 90 சதவீதம் பேருக்கும் பட்டைப் பிரிவில் 75 சதவீதம் பேருக்கும் நல்ல பலன் இருந்தது. ஆனால் பட்டைப் பிரிவினரில் 41 சதவீதம் பேர் அதற்குள் அறுவையும் செய்துகொண்டிருந்தார்கள். நான் இதை இப்படிப் புரிந்துகொள்கிறேன்: சதை வற்றாத, மரப்பு விட்டுவிட்டு வருகிற ஒருவர் முதலில் பட்டையை முயன்று பார்ப்பதில் இழப்பு எதுவும் இல்லை. ஆறு வாரமோ மூன்று மாதமோ என்று கெடு வைத்துக்கொண்டு முயல வேண்டும். கெடு இல்லாத காத்திருப்புதான் எங்கள் வீட்டில் நடந்தது.

வீக்கத்தைக் குறைக்க மணிக்கட்டில் போடும் ஸ்டீராய்டு ஊசியும் அப்படித்தான். முதல் சில வாரங்கள் அற்புதமாக வேலை செய்யும். பிரிட்டனில் நடந்து 2018-ல் வெளியான ஆய்வில், ஆறு வாரத்தில் ஊசி போட்டவர்கள் இரவுப் பட்டை கட்டியவர்களைவிட நன்றாக இருந்தார்கள். ஆறு மாதத்தில் வித்தியாசம் மறைந்துவிட்டது. பிரசவத்துக்கு நாள் எண்ணுகிறவருக்கும், தேர்வோ அறுவடையோ முடியும்வரை தாக்குப்பிடிக்க வேண்டியவருக்கும் அது பெரிய உதவி. வலி திரும்பும்போதெல்லாம் மூன்றாவது, நான்காவது என்று ஊசியை அடுக்கிக்கொண்டே போவதுதான் தவறு. உள்ளே நெருக்கல் தொடரும்போது வெளியே வலி மட்டும் மறைந்திருக்கும். சர்க்கரை நோயாளிகளுக்கு ஊசிக்குப் பின் சில நாள் ரத்தச் சர்க்கரை ஏறும் என்பதையும் முன்கூட்டியே தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

நரம்பில் சிறு மின்தூண்டல் கொடுத்துப் பார்க்கும் நரம்புப் பரிசோதனையின் அறிக்கையில் 'தீவிரம்' என்ற ஒரு சொல்லைப் பார்த்துவிட்டு நடுங்குகிறவர்களும் உண்டு. 'இயல்பு' என்றதைப் பார்த்து எல்லாம் மனப்பிரமை என்று ஒதுக்கப்பட்டவர்களும் உண்டு. நோய் உள்ள சிலருக்கு அறிக்கை இயல்பாகவே வரும். அறிக்கையையும் கையையும் சேர்த்து வைத்துப் பார்க்கிற மருத்துவர்தான் வேண்டும்.

இனி அந்தப் பயம். "நரம்பில் கை வைத்தால் கை விளங்காமல் போய்விடும்" என்று எங்களுக்குச் சொன்னவர்கள் பத்துப் பேராவது இருப்பார்கள். இந்த அறுவையில் வெட்டப்படுவது மேலே மூடியாகக் கிடக்கும் நார்ப்பட்டை. நரம்பைத் தொடாமல், அதன் மேலிருக்கும் இறுக்கத்தைத் திறந்துவிடுகிறார்கள். கையை மட்டும் மரக்கவைத்துச் செய்வார்கள். பெரும்பாலும் அரை மணிக்குள் முடிந்து அன்றே வீடு திரும்பலாம். தொற்று, தழும்பு வலி, அபூர்வமாக நரம்புக் காயம் ஆகிய ஆபத்துகள் உண்டு. அவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை. சிறு துளை வழியாகக் கேமரா வைத்துச் செய்யும் முறைக்குக் கூடுதல் கட்டணம் சொல்வார்கள். அதில் வேலைக்குச் சற்று முன்னதாகத் திரும்பலாம், நாளடைவில் பலன் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். கடன் வாங்கி அந்த முறைக்குப் போவதைவிட, இந்த அறுவையை அடிக்கடி செய்கிற கை யாருடையது என்று விசாரிப்பது மேல் என்பது என் கருத்து.

அறுவைக்குப் பின் எதை எதிர்பார்ப்பது என்பதிலும் பலர் ஏமாறுகிறார்கள். இரவுக் குத்தல் பெரும்பாலும் சில நாட்களிலேயே விலகும். மரப்பு மாதக்கணக்கில் மெல்ல இறங்கும். உள்ளங்கையின் அடிப்பகுதியில், கையை ஊன்றி எழும்போது ஒரு வலி இருக்கும். பிடியின் பலம் திரும்ப இரண்டு, மூன்று மாதம் ஆகும். அதற்குள் "ஆபரேஷன் தோற்றுவிட்டது" என்று மனம் உடையக் கூடாது. கையைத் தொட்டில் கட்டி அசைக்காமல் வைத்திருப்பதும் தவறு. டாக்டர் தடுக்காவிட்டால் அன்றிலிருந்தே விரல்களை மடக்கி நீட்ட வேண்டும், கையை நெஞ்சு உயரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டும். ஈரத்துணி பிழிவதும் குடம் தூக்குவதும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த வாரங்களில் சமையலை யார் பார்ப்பார்கள் என்பதை அறுவைத் தேதி குறிக்கும் முன்பே வீட்டில் பேசி முடியுங்கள். எத்தனையோ பெண்கள் இந்த ஒரு கேள்விக்குப் பதில் இல்லாமல்தான் தேதியைத் தள்ளிப்போடுகிறார்கள்.

பெரியம்மாவுக்குக் கடைசியில் வலது கையில் அறுவை செய்தோம். முன்பு இரண்டு வருடம் எழுப்பிய குத்தல் மறுபடி வரவில்லை. நடுவிரலில் உணர்வு ஓரளவு மீண்டது. ஆள்காட்டி விரலின் நுனி இன்னும் மந்தம்தான். கட்டைவிரலடிக் குழி நிரம்பவில்லை. மிஷின் ஓட்டுகிறார், வெட்டுகிறார். கொக்கி வைக்கும் வேலையை மட்டும் எதிர்வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துவிடுகிறார். இப்போது இடது கையில் இரவுக் குத்தல் ஆரம்பித்திருக்கிறது. பட்டை கட்டி ஐந்தாவது வாரம். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அவர் எதிரே உட்கார்ந்து அந்தக் கட்டைவிரலை அழுத்திப் பார்க்கிறேன். இதுவரை எதிர்த்து நிற்கிறது. அடுத்த மாதம் மருத்துவரிடம் போக நாள் வாங்கியிருக்கிறோம்.