ஒரே தரவைப் பல செயலிகள் பகிரும்போது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

முகவரிப் புத்தகம், காலண்டர், மின்னஞ்சல், குறிப்புகள் எல்லாம் ஒரே தரவைப் பகிர்ந்தால் ஒருவரின் எண்ணை ஒரு இடத்தில் திருத்தினாலே போதும். கேடிஈ என்ற மென்பொருள் தொகுப்பில் (பெரும்பாலும் லினக்ஸில் பயன்படுவது) இத்தகைய தரவைச் செயலிகளுக்குப் பொதுவாகச் சேமித்துத் தரும் அகோனாடி, வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ தொடங்கிய, ஒருவரின் தரவை அவர் கட்டுப்பாட்டிலேயே வைத்துச் செயலிகளோடு பகிரும் சாலிட் இரண்டுமே இந்த வசதியைத் தேடிப் பிறந்தவை. ஆனால் திருத்தம் பரவும் அதே வழியில் பிழையும் பரவும்.

மிகப் பெரிய சேதம் அவசரமாக ஆட்களை ஒன்றுசேர்ப்பதால் வருகிறது. இரண்டு பதிவுகளில் மின்னஞ்சல் முகவரி ஒன்றாக இருந்தால் இருவரும் ஒருவரே என்று மென்பொருள் முடிவுகட்டிவிடுகிறது. ஆட்களைப் பற்றிய விவரங்களைக் கணினிக்குப் புரியும்படி எழுத உதவும் ஃபோஃப் என்ற சொற்தொகுதியே ஒரு மின்னஞ்சல் முகவரி ஒருவருக்குத்தான் உரியது என்று வைத்துக்கொள்கிறது. நிஜத்தில் கணவனும் மனைவியும் ஒரே முகவரியை வைத்திருப்பார்கள். அலுவலக முகவரி ஆள் மாறும்போது கைமாறும். அதோடு, முதலாமவரும் இரண்டாமவரும் ஒருவரே, இரண்டாமவரும் மூன்றாமவரும் ஒருவரே என்று எழுதிவிட்டால், மூவரும் ஒருவராகிவிடுவார்கள். அப்புறம் வேறு செயலிகள் அந்தக் கலந்த பதிவில் எழுதத் தொடங்கினால் பிரித்தெடுப்பது பெரும்பாடு. ஆகவே ‘இவராக இருக்கலாம்’ என்று மட்டும் குறித்துவைத்து, உறுதிசெய்வதை மனிதரிடம் விடுங்கள். எந்தச் செயலி, எப்போது அப்படிச் சொன்னது என்பதையும் சேர்த்துப் பதியுங்கள்.

அடுத்தது, ஒரு பதிவை இன்னொன்றோடு இணைக்கும்போது அந்த இணைப்பை எந்த அடையாளத்தில் கட்டுகிறோம் என்பது. பெயரும் கோப்பின் பாதையும் மாறக்கூடியவை. அகோனாடி ஒவ்வொரு பதிவுக்கும் தரும் எண்ணோ அந்தக் கணினியின் தரவுத்தளத்துக்குள் மட்டுமே செல்லுபடியாகும். தரவுத்தளத்தைப் புதிதாகக் கட்டினால் அதுவும் மாறலாம். தொடர்பு விவரங்களுக்கான விகார்டு வடிவிலும் காலண்டர் நிகழ்வுகளுக்கான ஐகேலண்டர் வடிவிலும் யூஐடி என்ற தனி அடையாளம் இருக்கிறது, ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் அதுபோலவே மெசேஜ்-ஐடி இருக்கிறது. அவற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை: வாராவாரம் வரும் கூட்டம் முழுவதற்கும் யூஐடி ஒன்றுதான். ஒரு வாரத்துக் கூட்டத்துக்கு மட்டும் குறிப்பை இணைக்க அது எந்த வாரத்துக் கூட்டம் என்று காட்டும் ரெக்கரன்ஸ்-ஐடியும் வேண்டும். இதை விட்டால் குறிப்பு எல்லா வாரத்திலும் வந்து நிற்கும்.

இணைப்புகள் எங்கே சேமிக்கப்படுகின்றன என்று பார்க்காமல் பேக்கப் எடுப்பதும் தவறு. கேடிஈயில் முன்பு இருந்த நெபோமுக் என்ற தேடல் அமைப்பு, கோப்புகளுக்கு நாம் இடும் குறிச்சொற்களைத் தனியொரு தரவுத்தளத்தில் வைத்திருந்தது; கோப்புகளை மட்டும் நகலெடுத்தால் அவை கூட வராது. 2014இல் கேடிஈ 4.13இல் அதன் இடத்துக்கு வந்த பலூ, குறிச்சொற்களைக் கோப்போடு ஒட்டிச் சேமிக்கப்படும் கூடுதல் பண்புகளிலேயே எழுதியது. இது நல்ல மாற்றம். ஆனாலும் இத்தகைய பண்புகளுக்கு இடமில்லாத ஃபேட் என்ற பழைய சேமிப்பு வடிவில் உள்ள யூஎஸ்பியில் நகலெடுத்தால் அந்தப் பண்புகள் போய்விடும். ஒருமுறை வேறொரு கணினியில் மீட்டுப் பார்த்த பிறகே பேக்கப்பை நம்புங்கள்.

கடைசியாக, அனுமதி. சாலிடில் அனுமதி ஆவண அளவில்தான் தரப்படுகிறது, அதற்குள் இருக்கும் ஒவ்வொரு வரிக்கும் தனியாக அல்ல. தொலைபேசி எண்ணையும் மருத்துவக் குறிப்பையும் ஒரே ஆவணத்தில் வைத்தால், எண்ணை மட்டும் கேட்ட செயலிக்கு இரண்டுமே தெரியும். ஆகவே பகிரத் தொடங்கும் முன்பே அவற்றைத் தனித்தனி ஆவணங்களாகப் பிரித்துவிடுங்கள்.