சில்லறையில் வரும் பளபள நாணயங்களைச் சேர்ப்பது எப்படி?

பழைய நாணயம் சேர்க்கப் பணம் வேண்டும், விவரம் தெரிந்த ஆட்களின் பழக்கம் வேண்டும். புது நாணயம் சேர்க்க, கைக்கு வரும் சில்லறையை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பையில் போட்டால் போதும். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அச்சடித்தபோது இருந்த பளபளப்பைக் காப்பாற்றலாம், போனதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

படி 1: பளபளப்பு அசல்தானா?

நாணயத்தை விளிம்பில் பிடித்து, ஒற்றை பல்பு வெளிச்சத்தில் சாய்த்து மெல்லச் சுழற்றுங்கள். புத்தம் புது நாணயத்தில் நடுவிலிருந்து விளிம்பு வரை ஒரு ஒளிக்கீற்று தெரியும். நாணயம் சுற்றச் சுற்ற அதுவும் சுற்றும். அச்சு அழுத்தும்போது உலோகம் வெளிப்பக்கமாக நகர்ந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வரிகளை விட்டுச் செல்கிறது. அந்த வரிகள்தான் இந்த வித்தையைக் காட்டுகின்றன. யாரோ தேய்த்து மினுக்கிய நாணயத்தில் கீற்று இப்படிச் சுற்றாது. லென்ஸில் பார்த்தால் மெல்லிய கீறல்கள் தெரியும்.

சிங்க முகம், எண்ணின் மேல்விளிம்பு போன்ற மேடான இடங்கள்தான் முதலில் தேயும். அங்கே மங்கியிருந்தால் டீக்கடைக்கே கொடுத்துவிடலாம். சின்னச் சின்ன இடிபட்ட தடங்களுக்காக ஒதுக்க வேண்டாம். மூட்டையில் ஒன்றோடொன்று மோதி வருவதால் புது நாணயத்திலும் அவை இருக்கும்.

படி 2: எங்கே தேடுவது?

வங்கிக் கவுன்டரில் சில்லறை கேட்டு வாங்குவது நேர்வழி. அப்புறம் 10 ரூபாய் நாணயம். எல்லா வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே அறிவித்தும், நம் ஊரில் பல கடைக்காரர்கள் அதை வாங்கத் தயங்குகிறார்கள். நமக்கு அது நல்லதுதான். அதிகம் கைமாறாததால் இன்னும் மினுமினுப்பாகவே கிடைக்கிறது.

மொய்க் கவரில் ஒட்டி வரும் ஒரு ரூபாயையும் விடாதீர்கள். பெரும்பாலும் புதுசாக இருக்கும். நகத்தால் சுரண்டாமல் கவரோடு வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப் போட்டால் பசை தானாக விடும்.

படி 3: எதை எடுத்து வைப்பது?

ஆண்டுக்குக் கீழே பாருங்கள், எந்த ஊர் நாணய ஆலையில் அடித்தது என்று தெரியும். சின்ன வைரக் குறி இருந்தால் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா. எதுவுமே இல்லையென்றால் கொல்கத்தா. ஒரே ஆண்டு, நான்கு ஆலைகள் என்று ஒரு வரிசையை முடிக்க முயல்வது தொடங்குபவர்களுக்கு நல்ல இலக்கு. சிறப்பு வெளியீடுகளில் நம் பக்கத்துக்கென்றே சில உண்டு. 1995 உலகத் தமிழ் மாநாட்டுக்கு வந்த திருவள்ளுவர் 2 ரூபாய், அண்ணா நூற்றாண்டுக்கு 2009இல் அவருடைய தமிழ்க் கையெழுத்தோடு வந்த 5 ரூபாய், தஞ்சைப் பெரிய கோவிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு வந்த 5 ரூபாய். இவை பளபளப்பாகக் கிடைத்தால் அதிர்ஷ்டம்தான்.

‘இந்த 5 ரூபாய் இருந்தால் லட்சம் தருகிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள்’ என்று போன் வந்தால் பேச்சை வளர்க்காதீர்கள். தன் பெயரைச் சொல்லி இப்படி மோசடி நடப்பதாக ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது.

படி 4: கழுவலாமா?

புளி, எலுமிச்சை, பீதாம்பரி, பற்பசை, எதுவும் வேண்டாம். பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி சரி. புளியின் அமிலம் மேல்தோலைக் கொஞ்சம் கரைத்துத்தான் பளிச்சென்று காட்டுகிறது. நாணயத்தில் அந்த மேல்தோலில்தான் முதல் படியில் சொன்ன வரிகள் இருக்கின்றன. அவை போனால் ஒளிக்கீற்றும் போயிற்று.

மண், பிசுக்கு இருந்தால் காய்ச்சி வடித்த நீரில் முக்கியெடுத்து, பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள். தேய்க்கக் கூடாது. செலோடேப் பிசினுக்கு ரசாயனக் கடையில் கிடைக்கும் சுத்தமான அசிட்டோன் உதவும். கண்ணாடிக் கிண்ணத்தில், ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்புக்குத் தள்ளிச் செய்யுங்கள், சட்டென்று தீப்பிடிக்கும். நெயில் பாலிஷ் ரிமூவரில் எண்ணெயும் வாசனையும் கலந்திருப்பதால் அது ஆகாது.

படி 5: வைக்கும் விதம்

விளிம்பை மட்டும் தொடுங்கள். விரல் வியர்வையின் உப்பு இன்று தெரியாது. சில மாதம் கழித்து ரேகை அப்படியே பழுப்பாக எழும்பும். பித்தளைச் சாயலில் இருக்கும் 5 ரூபாயில் இது சீக்கிரம் தெரிந்துவிடும். கீழே விழுந்தாலும் அடிபடாதபடி மேஜையில் ஒரு துண்டை விரித்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

மலிவு விலை ஆல்பத்தின் வழவழப்பான பிளாஸ்டிக் உறைகள் பெரும்பாலும் பிவிசி. நாளாக நாளாக அது கசிந்து, நாணயத்தின் மேல் பச்சையாகப் பிசுபிசுக்கும். பாலிப்ரொப்பிலீன் அல்லது மைலார் உறைகளைக் கேட்டு வாங்குங்கள். ஜன்னல் வைத்த அட்டை ஹோல்டரில் வைத்தால், ஸ்டேப்பிளர் அடித்தபின் பின்னின் முனைகளைக் குறடால் தட்டையாக்கிவிடுங்கள், இல்லையென்றால் பக்கத்து நாணயத்தைக் கீறும். ரொம்பப் பிடித்த நாணயத்துக்குக் காப்ஸ்யூல், அதாவது ஒரு நாணயம் மட்டும் அடங்கும் கெட்டியான பிளாஸ்டிக் டப்பி, வாங்கலாம். 10 ரூபாய், 20 ரூபாய் இரண்டுக்கும் 27 மி.மீ. அளவு பொருந்தும்.

ஹோல்டரில் நாணயத்தைப் போடுவதற்கு முன்பே மதிப்பு, ஆண்டு, ஆலை, கிடைத்த இடம், தேதி எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள். போட்டபின் எழுதினால் பேனா அழுத்தம் உள்ளே பதியும்.

ரப்பர் பேண்ட், செய்தித்தாள், அந்துருண்டை மூன்றும் நாணயத்துக்கு ஆகாது. இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்து, சமையலறை, குளியலறைச் சுவர் ஒட்டாத அலமாரியில் வையுங்கள். கடற்கரை ஊர்க்காரர்கள் ஐப்பசி மழைக்கு முன்னால் பொட்டலத்தை மாற்றிவிடுவது நல்லது.