உத்தேச ஒப்பந்தத்துக்கு வாக்களிக்கும்போது விமானிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் ஒரு விமான நிறுவனமும் அதன் விமானிகள் சங்கமும் உத்தேச ஒப்பந்தத்துக்கு, அதாவது விமானிகள் வாக்களித்து ஏற்றால்தான் நடைமுறைக்கு வரும் ஒப்பந்தத்துக்கு, வந்துவிட்டன என்று செய்தி வந்ததும், முதலில் வெளியே வருவது ஒரு சதவீதக் கணக்கு. நான்கு ஆண்டுகளில் இத்தனை சதவீதம் சம்பள உயர்வு. அந்த எண்ணை வைத்தே பாதிப் பேர் ஆதரவா எதிர்ப்பா என்று முடிவெடுத்துவிடுகிறார்கள். பல நூறு பக்க ஒப்பந்தம் அதற்குப் பிறகுதான் கைக்கு வருகிறது. விமானிகளின் வாழ்க்கையைப் பல ஆண்டுகளுக்குக் கட்டிப்போடும் ஆவணம் அது. அதை இப்படி அவசரமாக எடைபோடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

முதல் தவறு, மணிச் சம்பளத்தை மட்டும் பார்ப்பது. அங்கே பெரும்பாலான விமானிகளுக்குச் சம்பளம் பறக்கும் மணிக்குத்தான். விமானம் நிறுத்துமிடத்திலிருந்து நகரத் தொடங்கியது முதல், சேருமிடத்தில் வந்து நிற்கும் வரை. இடையில் விமான நிலையத்தில் காத்திருந்த நேரம், ஹோட்டலில் கழித்த இரவு எதுவும் அதில் சேராது. இதை ஈடுகட்டத்தான் ஒப்பந்தங்களில் ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரச் சம்பளம் கட்டாயம், வீட்டை விட்டு வெளியே இருந்த இத்தனை மணிக்கு ஒரு மணிச் சம்பளம் என்றெல்லாம் விதிகள் இருக்கின்றன.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். மணிக்கு 300 டாலர் வாங்கும் விமானி நான்கு நாள் பயணம் போகிறார். மொத்தம் 18 மணி நேரம் பறக்கிறார். வெறும் மணிக்கணக்கில் 5,400 டாலர். நாளொன்றுக்குக் குறைந்தது ஐந்தே கால் மணி நேரச் சம்பளம் என்ற விதி ஒப்பந்தத்தில் இருந்தால், அதே பயணத்துக்கு 21 மணி நேரச் சம்பளம், அதாவது 6,300 டாலர். மணிச் சம்பளத்தில் ஒரு டாலர் கூட ஏறாமலே 16 சதவீதத்துக்கு மேல் கூடுதல். இதையே தலைகீழாகவும் பார்க்க வேண்டும். சம்பள அட்டவணையில் பெரிய உயர்வைக் கொடுத்துவிட்டு இந்த விதிகளைத் தளர்த்தினால், மாதக் கடைசியில் கைக்கு வருவது எதிர்பார்த்ததை விடக் குறைவாக இருக்கும். அதனால் போன மாதத்து சொந்த ஷெட்யூலை எடுத்து வைத்து, புதிய விதிகளின்படி அதற்கு எவ்வளவு வந்திருக்கும் என்று கணக்குப் போடுவதே சரியான வழி. ரிசர்வில் இருப்பவர்களுக்கு, அதாவது அழைப்பு வந்தால் பறக்கத் தயாராகக் காத்திருப்பவர்களுக்கு, இது இன்னும் முக்கியம். எத்தனை மணி நேரத்துக்குள் வந்து சேர வேண்டும், மாதத்துக்கு எத்தனை நாள் விடுப்பு உறுதி என்பவைதான் அவர்களுடைய வாழ்க்கைத் தரம்.

உயர்வுக்கான பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் விடுவது இதோடு ஒட்டிய தவறு. 2015இல் டெல்டா விமான நிறுவனத்தின் விமானிகளுக்கு வந்த உத்தேச ஒப்பந்தத்தில் சம்பளம் ஏறியது. ஆனால் லாபப் பங்கீட்டில் கை வைத்தார்கள், நோய் விடுப்பு விதிகளும் இறுகின. 65 சதவீதம் பேர் எதிர்த்து வாக்களித்தார்கள். அடுத்த ஆண்டு இறுதியில் லாபப் பங்கீட்டைக் காப்பாற்றிய ஒப்பந்தம் வந்தபோது 82 சதவீதம் பேர் ஏற்றுக்கொண்டார்கள். ஒரு பையிலிருந்து எடுத்து இன்னொரு பையில் போடுவதைக் கண்டுபிடிக்கும் பொறுமை அவர்களுக்கு இருந்தது.

இந்த இடத்தில்தான் அடுத்த தவறு பிறக்கிறது: நிராகரித்தால் கட்டாயம் இதைவிட நல்லது வரும் என்ற நம்பிக்கை. யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானிகள் 2022 நவம்பரில் தங்கள் உத்தேச ஒப்பந்தத்தை 94 சதவீத வாக்குகளால் தூக்கி எறிந்தார்கள். 2023 செப்டம்பரில் நான்கு ஆண்டுகளில் 40 சதவீதம் வரை உயர்வு தரும் ஒப்பந்தத்தை 97 சதவீதம் பேர் ஏற்றார்கள். வெற்றிக் கதைதான். ஆனால் இடையில் என்ன நடந்தது? 2023 மார்ச்சில் டெல்டா விமானிகளின் 34 சதவீத உயர்வு நிறைவேறியது. விமானிகளுக்குக் கடும் தட்டுப்பாடு, பயணிகள் கூட்டம் வேறு. யுனைடெட் விமானிகளின் நிராகரிப்புக்குப் பின்னால் சந்தையும் நின்றது.

சரக்கு விமான நிறுவனமான ஃபெடெக்ஸின் விமானிகள் 2023 ஜூலையில் சுமார் 30 சதவீத உயர்வு கொண்ட ஒப்பந்தத்தை 57 சதவீத வாக்குகளால் நிராகரித்தார்கள். அப்போது சரக்குப் போக்குவரத்துக்கான தேவை சரிந்துகொண்டிருந்தது. 2024 முழுதும் முடிந்தும் புதிய ஒப்பந்தம் அவர்கள் கைக்கு வரவில்லை. அவர்கள் வாக்களித்தது தவறு என்று நான் சொல்லவில்லை. ஓய்வூதியம் குறித்து அவர்களுக்கு நியாயமான கவலைகள் இருந்தன. நிராகரித்த பிறகு எத்தனை காலம் காத்திருக்க முடியும் என்ற கேள்விக்கும் பதில் வைத்துக்கொண்டு வாக்களிக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

காத்திருப்பு ஏன் அவ்வளவு நீளும் என்பதற்கு அந்த நாட்டுச் சட்டமே காரணம். 1926இல் ரயில்வே தொழிலாளர்களுக்காக வந்த ரயில்வே தொழிலாளர் சட்டம் 1936இல் விமானத் துறைக்கும் நீட்டிக்கப்பட்டது. அதன்படி ஒப்பந்தம் காலாவதி ஆவதில்லை. திருத்தத்துக்கு உரிய தேதி வரும், அவ்வளவுதான். புதியது வரும்வரை பழையதே தொடரும். பேச்சு முறிந்தால் தேசிய மத்தியஸ்த வாரியம் உள்ளே வரும். மத்தியஸ்தத்திலிருந்து இரு தரப்பையும் வாரியம் விடுவித்தால்தான், வேலைநிறுத்தத்துக்கு முன் காத்திருக்க வேண்டிய 30 நாள் இடைவெளி தொடங்கும். அதற்குப் பிறகும் அதிபர் அவசரக் குழு அமைத்து வேலைநிறுத்தத்தை நிறுத்தலாம். 1997 பிப்ரவரியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகள் வேலைநிறுத்தம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே அதிபர் கிளிண்டன் தலையிட்டு நிறுத்தினார். எனவே சங்கம் நடத்தும் வாக்கெடுப்பில் 99 சதவீதம் பேர் வேலைநிறுத்தத்துக்கு அனுமதி கொடுத்துவிட்டார்கள் என்பதால் அடுத்த வாரமே விமானங்கள் நின்றுவிடும் என்று கணக்குப் போடுவது தவறு. அந்த வாக்கு பேரத்துக்கு வலு சேர்க்கும். அதற்கு மேல் நீண்ட பாதை இருக்கிறது.

இதே சட்டத்தால் இன்னொரு விஷயமும் கண்ணில் படாமல் போகிறது. நான்கு ஆண்டு ஒப்பந்தம் என்றால் நான்கு ஆண்டு என்று நம்பிவிடக் கூடாது. டெல்டாவில் 2016இல் நிறைவேறிய ஒப்பந்தம் 2019 இறுதியில் திருத்தத்துக்கு வந்தது; கொரோனா குறுக்கிட்டது; அடுத்தது கையெழுத்தாகும்போது 2023. பிடிக்காத ஒரு விதியை "நாலு வருஷம்தானே" என்று ஒப்புக்கொள்பவர் அதோடு ஆறேழு ஆண்டு வாழ வேண்டியிருக்கலாம்.

சம்பளம் பற்றிய சத்தத்தில் மூழ்கிவிடும் பகுதி ஒன்று உண்டு: ஸ்கோப். எந்த அளவு விமானங்களை, எத்தனை விமானங்களை, துணை நிறுவனங்களிடமும் பிராந்திய நிறுவனங்களிடமும் கொடுத்து ஓட்டச் சொல்லலாம் என்று சொல்லும் பகுதி. பெரிய நிறுவனங்களின் பெயரைத் தாங்கிப் பறக்கும் 76 இருக்கை வரையிலான விமானங்களை வேறு நிறுவனத்தின் விமானிகள், குறைந்த சம்பளத்தில், ஓட்டுவது இந்தப் பகுதியில் விட்டுக்கொடுத்ததன் விளைவு. சம்பளத்தை அடுத்த பேச்சுவார்த்தையில் மீட்கலாம். வெளியே போன வேலையை மீட்பது மிக மிகக் கடினம். என்னைக் கேட்டால் சம்பள அட்டவணைக்கு முன்பே படிக்க வேண்டிய பக்கங்கள் இவை.

"நிர்வாகம் முயற்சி எடுக்கும்", "இயன்றவரை" என்று முடியும் பிரிவுகளையும் அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டும். மீறினால் புகார் மனு போட்டு ஜெயிக்க முடியாத வாக்குறுதி அது.

அப்புறம், சக விமானியைத் துரோகி என்று பேசுவது. எல்லாமே சீனியாரிட்டியில் ஓடும் தொழிலில், ஒரே ஒப்பந்தம் இருவருக்கு ஒரே மாதிரி இருக்காது. 65 வயதில் கட்டாய ஓய்வு. 63 வயது கேப்டனுக்கு இரண்டு ஆண்டு தாமதம் என்றால் இந்த உயர்வு அவருக்கு வரவே வராது. முப்பது வயதுத் துணை விமானிக்கு இன்னும் 35 ஆண்டு இருக்கிறது. ஸ்கோப்பும் ரிசர்வ் விதிகளும்தான் அவருக்குப் பெரிது. 2005இல் யுனைடெட் நிறுவனம் திவால் நடவடிக்கையில் ஓய்வூதியத் திட்டத்தைக் கைகழுவியதைப் பார்த்த தலைமுறை, சம்பளத்தில் இத்தனை சதவீதம் என்று நிறுவனம் அவரவர் ஓய்வுக்கால நிதியில் நேரடியாகப் போடும் பணத்தை வேறு கண்ணோடுதான் பார்க்கும். இருவரும் தங்கள் நியாயத்தோடு வாக்களிக்கிறார்கள். சங்கத்தின் பேச்சுவார்த்தைக் குழுவை விலைபோனவர்கள் என்று பேசுவதும் இப்படித்தான். அவர்களும் அதே விதிகளின் கீழ் பறக்கப் போகிறவர்கள். விளக்கக் கூட்டத்துக்குப் போய், எதைக் கேட்டீர்கள், எதை விட்டுக்கொடுத்து எதை வாங்கினீர்கள் என்று நேரடியாகக் கேட்டால் கிடைக்கும் பதில், வதந்திகளை விட எவ்வளவோ மேல்.

கடைசியாக ஒன்று. ஒப்பந்தம் நிறைவேறிய மறுநாளே எல்லாம் நடைமுறைக்கு வராது. சம்பளம் சீக்கிரம் ஏறும். ஷெட்யூல் விதிகளுக்கு மென்பொருளை மாற்ற வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். எந்தப் பிரிவு எந்தத் தேதியில் அமலுக்கு வரும், தாமதமானால் நிர்வாகம் என்ன ஈடு தர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறதா என்பதை வாக்களிக்கும் முன் பார்த்துக்கொள்ள வேண்டும்.