ரோஷமா, காய்ச்சலா? வீட்டு விலங்குகளைப் புரிந்துகொள்வதில் நாம் செய்யும் தவறுகள்

எங்கள் வீட்டுப் பூனை கருப்பன் ஒருநாள் என் தலையணையை நனைத்துவிட்டான். அதற்கு முந்தைய வாரம்தான் அக்கா கைக்குழந்தையோடு வந்து தங்கியிருந்தாள். “அவனுக்குப் பொறாமை. எல்லாரும் குழந்தையையே கொஞ்சுறோம்ல” என்றாள் அம்மா. சிரித்துக்கொண்டே உறையை மாற்றினோம். மறுநாள் குளியலறை மூலையில் முக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இரண்டு சொட்டுக்கு மேல் வரவில்லை. அதையும் வீம்பு என்றோம். மாலையில் வாந்தி எடுத்துச் சுருண்டு படுத்த பிறகுதான் கூடையில் போட்டுக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினோம்.

சிறுநீர்ப் பாதை அடைத்திருந்தது. ஆண் பூனைக்கு அந்தப் பாதை மிகவும் குறுகல். முழுதாக அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். மயக்க மருந்து கொடுத்து, மெல்லிய குழாயைச் செருகி அடைப்பை நீக்கினார்கள். கருப்பன் பிழைத்தான். வலியில் துடித்தவனைப் பொறாமைக்காரன் என்று சொல்லிச் சிரித்தோமே என்பது இன்றும் உறுத்துகிறது.

நாயையும் பூனையையும் பிள்ளை என்று கூப்பிடுவதில் தவறே இல்லை. பயம், வலி, சந்தோஷம், பாசம் எல்லாம் அவற்றுக்கும் உண்டு. பழிவாங்குகிறான், மானஸ்தன், செய்த தப்பு தெரிந்துதான் முழிக்கிறான் என்று நம் வீட்டுச் சண்டைகளின் கதையை அவற்றின் மேல் ஏற்றும்போதுதான் சிக்கல். கதை ஒன்று கிடைத்துவிட்டால் அதற்குமேல் காரணத்தைத் தேட மாட்டோம்.

நாய் வளர்க்கும் வீடுகளில் அடிக்கடி காதில் விழுவது இது: “எங்க டைகர் ரொம்ப ரோஷக்காரன். திட்டினா அன்னிக்குப் பூரா சோத்தைத் தொட மாட்டான்.” பெருமையாகவே சொல்வார்கள். தட்டை நக்கிச் சுத்தம் செய்கிற நாய் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் கிடந்தால், தயவுசெய்து முந்தின நாள் திட்டியதை யோசித்துக்கொண்டிருக்காதீர்கள். உண்ணி இருக்கிறதா என்று தேடுங்கள். காதுக்குள், கழுத்துப் பட்டைக்கு அடியில், கால்விரல்களின் இடுக்கில். நம் ஊர் வெயிலில் உண்ணித் தொல்லை வருடம் முழுக்க உண்டு. உண்ணிக் காய்ச்சல் வந்தால் பெரும்பாலும் முதலில் தெரிவது சாப்பாட்டை வெறுப்பதும் மூலையில் போய்ப் படுப்பதும்தான். பிறகு ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறையும், ஈறு வெளுக்கும், சில நாய்களுக்கு மூக்கில் ரத்தம் வரும். நாயின் இயல்பான உடல் வெப்பமே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கும் என்பதால் தொட்டுப் பார்த்துக் காய்ச்சலைச் சொல்லிவிட முடியாது. ரத்தப் பரிசோதனை வேண்டும். தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் பெரும்பாலும் குணப்படுத்திவிடலாம். ரோஷம் தணியட்டும் என்று நான்கு நாள் காத்திருந்தால் நிலைமை வேறு. பூனை சாப்பிடாமல் இருப்பது இன்னும் ஆபத்து. அதுவும் குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே ஈரலில் கொழுப்பு சேர்ந்து ஈரல் செயலிழக்கலாம்.

அடுத்தது அந்தத் திருட்டு முழி. வீட்டுக்குள் நுழைகிறோம், செருப்பு கிழிந்து கிடக்கிறது, நாய் காதை மடக்கி வாலைக் காலிடுக்கில் செருகி வேறு பக்கம் பார்க்கிறது. “செய்தது தப்புன்னு அவனுக்கே தெரியுது பார்!” அமெரிக்க ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் 14 நாய்களை வைத்து இதைச் சோதித்தார். தின்பண்டத்தைத் தொடக்கூடாது என்று நாயிடம் சொல்லிவிட்டு உரிமையாளர் வெளியே போக வேண்டும். சில முறை நாய் தின்றது, சில முறை தின்னவில்லை. ஆனால் திரும்பி வரும் உரிமையாளரிடம் சில நேரம் உண்மையையும் சில நேரம் பொய்யையும் சொன்னார்கள். தின்றதா இல்லையா என்பதற்கும் அந்த முழிக்கும் தொடர்பே இல்லை. திட்டு வாங்கியபோதுதான் அந்த முகம் வந்தது. ஒன்றுமே தின்னாமல் திட்டு வாங்கிய நாய்களிடம் இன்னும் அதிகமாக வந்தது.

ஆக, நாம் பார்ப்பது பயம். நம் குரலும் நிற்கும் விதமும் மாறியதைப் பார்த்து, “அடிக்காதே” என்று கெஞ்சும் உடம்பு. எப்போதோ செய்த காரியத்துக்காக, ஈரமான இடத்துக்கு இழுத்துப்போய் மூக்கைத் தேய்ப்பது நம் வீடுகளில் வழிவழியாக வரும் வழக்கம். அதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். எதற்கு அடி விழுகிறது என்று அதற்குப் புரியாது. நீங்கள் வீட்டுக்கு வந்தால் அடி விழும் என்பது மட்டும் புரியும். நீங்கள் வெளியே போகும்போதெல்லாம் செருப்பும் கதவுச் சட்டமும் கடிபட்டால், தனிமையைத் தாங்க முடியாத பதற்றமாக இருக்கலாம். செருப்பில் உங்கள் வாசனை இருக்கிறது. கிளம்பும் முன் நன்றாக நடக்க வைத்து, கடிக்க ஏதாவது கொடுத்து, ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று தனிமையைப் பழக்க வேண்டும்.

போதாக்குறைக்கு, நாயின் முகமும் நம்மை ஏமாற்றும். உள்புருவத்தைத் தூக்குகிற ஒரு தசை நாய்களுக்கு நன்றாக வளர்ந்திருக்கிறது, ஓநாய்களுக்கு அப்படி இல்லை என்று 2019இல் ஓர் ஆய்வு காட்டியது. பாவம்போலப் பார்க்கிறதே என்று நாம் உருகுவது அந்தத் தசையால்தான்.

இனி சாப்பாடு. “நாங்க சாப்பிடறதைத்தான் அவனுக்கும் வைப்போம், வீட்டுப் பிள்ளை மாதிரி” என்பதில் உள்ள பாசம் எனக்குப் புரிகிறது. ஆனால் வெங்காயமும் பூண்டும் நாய், பூனை இரண்டின் ரத்தச் சிவப்பணுக்களையும் அழிக்கும். பாயசத்து உலர் திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட்டும் கூடாது. பூனைக்குத் தயிர்ச்சோறு மட்டும் போட்டுச் சைவமாக வளர்க்கும் வீடுகளை நேரில் பார்த்திருக்கிறேன். இறைச்சியிலிருந்து கிடைக்கும் டாரின் என்ற சத்து இல்லாவிட்டால் பூனைக்கு நாளடைவில் கண்பார்வை போகும், இதயம் பலவீனமாகும். இது எல்லாவற்றையும்விட மோசமானது மருந்து. குழந்தைக்குக் கொடுக்கிற பாராசிட்டமாலைப் பூனைக்கு ஒரு துளிகூடக் கொடுக்காதீர்கள். அதைச் செரித்து வெளியேற்றும் வழி அதன் ஈரலில் சரியாக இல்லை. ஒரே மாத்திரை கொன்றுவிடும்.

குளிரில் நடுங்குகிறதென்று நினைத்து மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனை இரண்டாயிரம் வருடமாகக் கொண்டாடுகிறோம். அந்த மனசு நமக்கும் வேண்டும். ஆனால் சித்திரை வெயிலில் நாய்க்குப் பட்டுச்சட்டை போட்டுப் படம் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கிறது. சட்டை அந்தச் சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும்.

கட்டிப்பிடிப்பதும் அப்படித்தான். நமக்கு அது பாசம், பல நாய்களுக்கு அது சிறை. குழந்தை கட்டிக்கொண்டிருக்கும்போது நாய் கொட்டாவி விட்டால், உதட்டை நக்கினால், முகத்தைத் திருப்பி வெள்ளை விழி தெரியப் பார்த்தால், குழந்தையை மெதுவாக விலக்குங்கள். வாலை ஆட்டுகிறதே என்று சமாதானம் ஆகாதீர்கள். பதற்றத்திலும் வால் ஆடும்.

கருப்பனைத் தூக்கிக்கொண்டு போன அன்று மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, “கடைசியா எப்ப யூரின் போனான்?” என்பதுதான். அவன் என்ன நினைக்கிறான் என்று இரண்டு நாளாகப் பேசிய எங்கள் நால்வரில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. இப்போது சமையலறை நாட்காட்டியில், கருப்பன் சிறுநீர் கழிக்கும் மணல் பெட்டியைச் சுத்தம் செய்பவர், நனைந்து கட்டியான மணல் எத்தனை இருந்தது என்று பென்சிலால் குறித்துவிட வேண்டும். கோபம், வீம்பு என்றெல்லாம் அதில் எழுதுவதில்லை. நேற்று மூன்று, இன்று காலை வரை ஒன்று.