தகவல் ஆணையத்தால் செய்ய முடியாததைக் கேட்டு ஏமாறாதீர்கள்

பட்டா மாறுதல் மனு மாதக்கணக்கில் கிடப்பில் கிடக்கிறது. ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மனு போட்டு, முதல் மேல்முறையீடு செய்து, மாநிலத் தகவல் ஆணையம் வரை வந்துவிடுகிறார் மனுதாரர். விசாரணையில் அவர் கேட்பது, “ஐயா, எனக்குப் பட்டா கொடுக்க உத்தரவிடுங்கள்.” அந்த அதிகாரம் ஆணையத்துக்குக் கிடையாது. ஆவணத்தைத் தரச் சொல்லலாம், பட்டாவைத் தரச் சொல்ல முடியாது. இத்தனை நாள் காத்திருந்தவர் வெறுங்கையோடு திரும்புவதை மனம் ஏற்பதில்லை. பெரும்பாலும் முதல் மனுவிலேயே தவிர்த்திருக்கலாம்.

“என் மனு ஏன் நிலுவையில் உள்ளது?” என்று ஆர்டிஐ மனுவில் எழுதினால், அது விளக்கம் கேட்கும் கேள்வி. அலுவலகத்தில் இருக்கும் பதிவைத்தான் கேட்க முடியும். இல்லாத தகவலைப் புதிதாகத் தயாரித்துத் தர வேண்டியதில்லை என்று 2011இல் சிபிஎஸ்இ விடைத்தாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே இப்படி எழுதுங்கள்: “இன்ன தேதியிட்ட என் மனு தொடர்பான கோப்பின் குறிப்புப் பக்கங்கள், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் அறிக்கைகள் ஆகியவற்றின் நகல் தேவை.” கோப்பு எந்த மேசையில் எத்தனை நாள் தூங்கியது என்பது அந்தப் பக்கங்களிலேயே தெரிந்துவிடும்.

அடுத்தது, நல்ல விவரம் தெரிந்தவர்களும் சறுக்கும் இடம். பதில் வராத கோபத்தில் நேரே பிரிவு 18இல் புகார் அனுப்பிவிடுகிறார்கள். அந்தப் பிரிவில் ஆணையம் விசாரிக்கலாம், அபராதம் போடலாம். தகவலைத் தரும்படி உத்தரவிட முடியாது. மணிப்பூர் வழக்கில் 2011 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொன்னது இது. தகவல் கையில் வேண்டுமென்றால் பிரிவு 19தான் வழி. பதில் வந்த நாளிலிருந்து, வராவிட்டால் அதற்கான 30 நாள் கெடு முடிந்ததிலிருந்து, 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு. பிறகு 90 நாளுக்குள் ஆணையத்துக்கு இரண்டாவது. முதல் படியைத் தாண்டிக் குதித்தால் மனு திரும்பி வரும்.

அபராதம் நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000. அது உங்கள் மனுவுக்குப் பதில் தர வேண்டிய பொதுத் தகவல் அலுவலர் மீதுதான் விழும், பணமும் உங்களுக்கு வராது. உங்களுக்கு நஷ்டம் நேர்ந்திருந்தால் பிரிவு 19(8)(b)இன் கீழ் இழப்பீட்டை மேல்முறையீட்டிலேயே ஆதாரத்தோடு கேளுங்கள். அலுவலரைப் பணிநீக்கம் செய்யச் சொல்லிக் கேட்பது வீண். ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆணையம் பரிந்துரைக்க மட்டுமே முடியும்.

ஆணையத்தால் முடிந்ததையும் கேட்காமல் விடுவது இன்னொரு தவறு. “கோப்பு காணவில்லை” என்ற ஒற்றை வரிப் பதிலோடு பலர் ஓய்ந்துவிடுகிறார்கள். இருந்திருக்க வேண்டிய ஆவணம் காணாமல் போயிருந்தால், விசாரணை நடத்திப் பொறுப்பானவரை அடையாளம் காண ஆணையம் உத்தரவிடலாம் என்று 2013இல் தில்லி உயர் நீதிமன்றம் கூறியிருக்கிறது. கோப்பை அழித்துவிட்டதாகச் சொன்னால், அழித்ததற்கான உத்தரவின் நகலைக் கேளுங்கள்.

ஆணையத்தின் முடிவு உங்களுக்கு எதிராகப் போனால், மறுபரிசீலனை மனுவை அங்கேயே போட்டு மாதங்களை வீணாக்க வேண்டாம். சட்டத்தில் அதற்குப் பிரிவே இல்லை. பிரிவு 23 இருப்பதால் உரிமையியல் நீதிமன்றத்துக்கும் போக முடியாது. அரசமைப்பின் 226ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். மனு, மேல்முறையீடுகள், தபால் ரசீதுகள், ஆணையத்தின் உத்தரவு எல்லாவற்றையும் தேதிவாரியாக வைத்திருந்தால் வழக்கறிஞரின் வேலை பாதி முடிந்தது.